விமானத்தின் இடக்கால்

1

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து ஓராண்டு நிறைந்த நாளில் மலாக்காவின் காஜா பேராங் சாலை வழியே பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்துப் போனார்கள். அந்த வரிசையில் என் மகள் வசந்தாவும் இருந்தாள். மலாய்ப் பாட்டை வாய்விட்டுப் பாடிக்கொண்டு போனாள். அவள் தலை மறையும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். மேசைமேல் பொன்மலையிலிருந்து மச்சான் எழுதிய கடிதம் கிடந்தது.

"வெள்ளைக்காரன் மூட்டை கட்டிவிட்டான். இனி உங்களுக்கு அங்கே யார் வேலை கொடுப்பார்கள்? பெங்களூரில் விமானத் தொழில் பெருகிக்கொண்டு வருகிறது. உங்களைப் போன்றவர்களைத் தேடுகிறார்கள். மலாக்காவில் உட்கார்ந்து ரப்பர் மரத்துக்கா சக்கரம் மாட்டப் போகிறீர்கள்?"

மச்சான் நல்ல மனிதர். கேலியாகப் பேசினாலும் என் நன்மைக்காகத்தான் பேசுவார். ஆனால் இதே கேள்வியை வேறு வேறு கையெழுத்தில் நான் பலமுறை படித்தாகிவிட்டது. தனித்தனியே பதில் எழுதிச் சலித்துப்போனதால் பத்திரிகைக்கே எழுதிவிடுகிறேன். உறவினர், நண்பர், என் மேல் அக்கறை கொண்ட மற்ற எல்லோரும் படித்துக்கொள்ளலாம்.

நான் வரவில்லை. துயரத்தோடு எடுத்த முடிவும் இல்லை இது. சென்ற மழைக்காலத்திலிருந்து இங்கே நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும்.

2

என் தொழில் விமானத்தின் சக்கரக் கால்களை வரைவது. பறக்கத் தொடங்கியதும் மடங்கி உள்ளே போய், இறங்கும்போது நீண்டு வெளியே வரும் கால்கள். கால் எதற்காக மடங்க வேண்டும் என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். எதிர்காற்றில் விரித்த குடையோடு சைக்கிள் மிதித்துப் பாருங்கள், தெரியும். தொங்கும் கால்கள் காற்றைப் பிடித்து இழுக்கும். எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். ஏற்றும் சுமை குறையும், பறக்கும் தூரமும் குறையும்.

மடக்குவது பெரிய வித்தையில்லை. நீட்டிய கால் நீட்டியபடியே நிற்க வேண்டும், அங்கேதான் வித்தை. விமானக் காலைப் பக்கத்திலிருந்து ஒரு தண்டு தாங்கும். அதன் நடுவில் ஒரு முழங்கால் உண்டு. தண்டு நீளும்போது அந்த முழங்கால் நேராகி, நேர்கோட்டைத் தாண்டி ஒரு நூலளவு பின்னுக்குப் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றால் விமானத்தின் பாரமே அதைப் பூட்டிவிடும். ஒரு நூல் முன்னால் நின்றுவிட்டால் அதே பாரம் காலை மடக்கிவிடும். அந்த நூலளவைக் காவல் காப்பது முழங்காலில் இருக்கும் பிராக்கெட் என்ற எஃகுத் தாங்கியும் அதிலுள்ள கொக்கியும். உள்ளங்கையில் அடங்கும் பொருள். என் வயது நாற்பத்தாறு. அதில் பதினைந்து ஆண்டுகளை இத்தகைய பொருள்களோடு கழித்திருக்கிறேன்.

படம் வரையக் கற்றது பொன்மலையில். காலையில் பணிமனைச் சங்கு ஊதும்போது ரயில்வே குடியிருப்பின் எல்லா வீட்டுக் கதவுகளும் ஒன்றாகத் திறக்கும். வரைபடக் கூடத்தில் அப்போது மெழுகு ஏற்றிய மெல்லிய துணிமேல்தான் மை கொண்டு வரைவோம். கெட்டுப்போன படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் மையும் மெழுகும் போய் அருமையான வெள்ளைத் துணி மிஞ்சும். வசந்தா பிறந்தபோது போட்ட முதல் சட்டை அப்படித் தைத்தது. ஒரு ரயில் எஞ்சினின் நீராவிக் குழாய் அதில் மங்கலாகத் தெரியும்.

போர்க்காலத்தில் பெங்களூரில் விமானங்களைப் பழுதுபார்க்கும் இடத்துக்குப் போனேன். அமெரிக்க விமானங்கள் வரிசையில் நிற்கும். கால்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அங்கேதான். ஒவ்வொரு வரைபடத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம் உண்டு. 'வரைந்தவர்' என்று ஓர் இடம். 'வடிவமைத்தவர்' என்று ஓர் இடம். அங்கே வரைந்த அத்தனை நாளும் முதல் இடத்தில் என் பெயர் இருக்கும், இரண்டாவதில் கடல் கடந்த எவரோ ஒருவர் பெயர் இருக்கும். போர் முடிந்தது, ஆட்குறைப்பு வந்தது. நான் கப்பலேறினேன். இப்போது தேடுகிறார்கள் என்று மச்சான் எழுதுகிறார். தேடட்டும்.

3

மலாக்காவுக்கு வெளியே பத்து பெரெண்டாமில் ஒரு புல்தரை விமானத்திடல் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய நிறுவனம், இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றை வைத்துக்கொண்டு தபாலும் தோட்டத்து அதிகாரிகளும் கிழக்குக் கரைக்குப் போய்வர வழி செய்தது. மேலாளர் ஃபென்விக் என்ற ஆங்கிலேயர். விமானத்தை ஓட்டுபவரும் அவரே. பணிமனைத் தலைவர் கந்தப்பா பிள்ளை. என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, காஜா பேராங்கில் மலாக்காச் செட்டிகளின் பழைய குடியிருப்பான செட்டிக் கம்பத்தில் பிறந்து வளர்ந்தவர்.

கந்தப்பாவைப் பற்றிச் சொன்னால் ஊரில் நம்பமாட்டார்கள். துக்காங் எமாஸ் சாலைப் பிள்ளையார் கோயிலில் விழுந்து கும்பிடுவார், பொங்கல் வைப்பார், நெற்றியில் திருநீறு காயாது. தமிழ் மட்டும் பேச வராது. பல தலைமுறைகளாக அவர்கள் வீட்டுமொழி மலாய்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் நாள் முழுக்க 'காக்கி, காக்கி' என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுச் சீருடை கேட்கிறார் என்று நினைத்து, தையல்காரரை அளவெடுக்க வரச் சொல்லட்டுமா என்று விசாரித்தேன். மலாயில் காக்கி என்றால் கால். இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் பேச்சைக் கீழே தமிழில் தருகிறேன். ஃபென்விக் பேசிய ஆங்கிலத்தையும் தமிழில்தான்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை விமானம் இறங்கியது. பாதித் தூரம் சரியாக ஓடிய பிறகு இடக்கால் மடங்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கை நுனி புல்லைக் கிழித்துக்கொண்டு நின்றது. யாருக்கும் காயமில்லை. தபால் மூட்டைகள்கூட நனையவில்லை.

கந்தப்பாவும் நானும் விமானத்தின் அடியில் படுத்துப் பார்த்தோம். முழங்கால் மூட்டுக்குள் செம்மண் அப்பி, எஞ்சின் சூட்டில் காய்ந்து செங்கல்லாகியிருந்தது. மூட்டு நேர்கோட்டைத் தாண்டவே முடியவில்லை. பாரம் முழுவதும் கொக்கிமேல் விழுந்து பிராக்கெட் பிளந்துவிட்டது. அதை வரைந்தவர் திறமையானவர்தான். ஆனால் அவர் ஊர் மண் வேறு. சக்கரம் எறியும் செம்மண்ணுக்கு வசதியாக, அதை ஒரு கிண்ணம் போலவே வரைந்து வைத்திருந்தார்.

ஃபென்விக் குனிந்து பார்த்தார். "புதுசு வாங்கினால் அதுவும் இப்படித்தான் உடையும். காலைக் கீழே இறக்கி நிரந்தரமாகப் பூட்டிவிடுங்கள். தொங்கிக்கொண்டே பறக்கட்டும்."

"தொங்கவிட்டால் சுமையோடு மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குப் போக முடியாது" என்றேன்.

"தெரியும். அந்த ஓட்டத்தை விட்டுவிட வேண்டியதுதான்."

"அந்த ஓட்டம் இல்லாமல் இந்த விமானம் எதற்கு?"

"அதுவும் தெரியும், ஞானம்." அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். "முதலாளிகள் விற்றுவிடுவார்கள். நான் எப்படியும் ஊருக்குக் கிளம்புகிறவன். உங்களுக்குத்தான் வருத்தம்."

விமானம் போனால் பணிமனை மூடப்படும். கந்தப்பாவுக்குத் துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்க்கும் வேலை கிடைக்கலாம். எனக்கு ஏதாவது அலுவலகத்தில் கழிவுநீர்க் கால்வாய் வரையும் வேலை கிடைக்கலாம்.

"நான் வேறு பிராக்கெட் வடிவமைத்துத் தருகிறேன். மண் தங்காத மாதிரி. இரண்டு காலுக்கும்" என்றேன்.

ஃபென்விக் என்னைப் பார்த்தார். "உடைந்தது ஒரு கால்தான். இடக்காலுக்கு மட்டும் செய்யுங்கள். வலக்கால் நன்றாகத்தானே இருக்கிறது?"

அதே மண் அந்தக் காலிலும் அப்பியிருந்தது. எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. சரி, முதலில் ஒன்றாவது செய்வோம் என்று தொடங்கினேன்.

4

வரைபடம் போட வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் வசதி. என் மனைவி சரோஜா தட்டுகளைத் தரைக்கு மாற்றினாள். கிண்ணத்தைப் போல் இருந்ததைத் திறந்த கவட்டையாக மாற்றினேன். மண் விழுந்தால் கீழே வழிந்துவிடும். கொக்கியை மூட்டின் உட்பக்கம் கொண்டுபோனேன். சக்கரம் எறியும் சேறு அங்கே எட்டாது. ஒரு பக்கத்தில் மட்டும் கொக்கி இருப்பதால் இடக்கால் பிராக்கெட்டும் வலக்கால் பிராக்கெட்டும் நம் இரண்டு கைகள் போல. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாது.

"ஏங்க, தூளி கட்டற கவட்டை மாதிரியே இருக்கே. இதுக்கா இத்தனை பென்சில் சீவறீங்க?" என்று சரோஜா எட்டிப் பார்த்தாள்.

"இது நழுவினா ஆறு பேர் விழுவாங்க."

"அப்ப நல்லா சீவுங்க."

குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொல்லி அரசாங்கம் கெடு வைத்திருந்ததும் அந்த வாரங்களில்தான். வரிசையில் நின்று முன்னால் போனபோது எழுத்தர் என் தொழிலைக் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில், விமானத்தின் காலை வரைகிறவன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். விமானத்துக்கு முகம் யார் வரைகிறார்கள் என்று கேட்டார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் 'ஓவியர்' என்று எழுதிவிட்டார். திருத்தச் சொன்னேன். அந்தத் தொழில் தம்மிடமுள்ள பட்டியலில் இல்லை என்றார். அப்படியானால் பட்டியலில் சேருங்கள், நான் காத்திருக்கிறேன் என்று ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மதியத்துக்குமேல் அவர் மேலதிகாரியைக் கேட்டுவந்து, 'விமானப் பொறி வரைவாளர்' என்று மலாயில் எழுதிக் கையில் கொடுத்தார். கூடவே ஒரு கோப்பைக் கோப்பியும் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் அதற்குமுன் அப்படி ஒருவன் வந்து நின்றதில்லை.

அப்போது வந்திருந்த மச்சானின் முந்தைய கடிதம் ஒன்றை வீட்டில் வசந்தாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு வயது பதினாறு. கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்பா, நான் அங்க போயி யாரோட பேசுவேன்? என் தமிழ கேட்டா மாமா பிள்ளைங்க சிரிப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச எல்லாரும் இங்கதானே இருக்காங்க."

"ஒன் அப்பன் பொறந்த ஊரும்மா அது."

"உங்க ஊருதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நான் ஒருதரம்கூட பாத்து ஞாபகம் இல்ல, லா. நீங்க போங்க, நான் கந்தப்பா மாமா வீட்டுல இருந்துக்கிறேன்."

பேச்சின் முடிவில் மலாய்க்காரர் போல 'லா' போடுவது அவள் வழக்கம். சரோஜா, "பேச்சப் பாரு" என்று அதட்டினாள். எனக்குச் சுருக்கென்றது உண்மை. ஆனால் அவள் சொன்னதில் எந்தத் தப்பையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பைக் கண்டுபிடிப்பது என் தொழில்.

5

வரைபடத்தை முடித்து ஃபென்விக்கிடம் கொடுத்தேன். மூலைக் கட்டத்தில் 'வரைந்தவர்' என்ற இடத்திலும் 'வடிவமைத்தவர்' என்ற இடத்திலும் ஒரே பெயர். என் பெயர். இரண்டாவது இடத்தில் எழுதும்போது மை காயும்வரை தாளின் ஓரத்திலிருந்து விரலை எடுக்காமல் பிடித்திருந்தேன். அவர் அதை ஒரு பார்வை பார்த்தார். சிங்கப்பூரில் ஒரு சீனர் நடத்தும் பட்டறையில் செய்யக் கொடுப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து லாரியில் ஒரு சிறிய மரப்பெட்டி வந்தது. கந்தப்பா திறந்தார். உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய பிராக்கெட், பளபளவென்று. தட்டிப் பார்த்தோம், நல்ல எஃகு. அவர் அதை எடுத்துக்கொண்டு இடக்காலுக்கு அடியில் போனார்.

"என்சே ஞானம், வந்து பாருங்க" என்று மலாய் மரியாதையோடு கூப்பிட்டார்.

துளைகள் பொருந்தின. கொக்கி மட்டும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பிப் போட்டால் கொக்கி உள்ளே வந்தது, துளைகள் பொருந்தவில்லை. கந்தப்பா அதைக் கையிலெடுத்துக்கொண்டு தவழ்ந்தே விமானத்தின் மறுபக்கம் போனார். வலக்காலின் பழைய பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். அதற்கென்றே செய்தது போலப் பொருந்தியது.

"இது இடக்கால் இல்ல" என்றார். "இடக்கால்னு சொல்லி வலக்கால செஞ்சு அனுப்பியிருக்கான்."

ஃபென்விக் வந்தார், பார்த்தார், பட்டறைக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஐந்து நிமிடம் கத்தினார். பிறகு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தாள் சொன்னபடிதான் செய்தோம், பெட்டிக்குள்ளேயே தாளும் இருக்கிறது என்று மறுமுனையில் சொல்லியிருக்கிறார்கள். நான் வைக்கோலைக் கிளறி நீலத் தாளை எடுத்து விரித்தேன்.

கோடுகள் என்னுடையவை. தாள் என்னுடையது இல்லை. நிறுவனத்தின் அச்சடித்த தாளில் யாரோ என் படத்தை அச்சுப்பிசகாமல் நகலெடுத்திருந்தார்கள். மூலைக் கட்டத்தில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் என் பெயர். 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் ஃபென்விக்.

இந்த இடத்தில் தொழில் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பொருளை முன்னாலிருந்து பார்த்து ஒரு படமும் பக்கத்திலிருந்து பார்த்து ஒரு படமும் போடுவோம். இடப்பக்கத்திலிருந்து பார்த்த படத்தை அமெரிக்கர்கள் முன்படத்துக்கு இடப்புறம் போடுவார்கள். ஆங்கிலேயர்கள் வலப்புறம் போடுவார்கள். இரண்டும் சரியான வழக்கம்தான். எந்த வழக்கம் என்பதை மூலைக் கட்டத்தில் எழுதிவிட்டால் போதும். நான் பெங்களூரில் அமெரிக்க விமானங்களோடு பழகியவன், அவர்கள் வழக்கப்படிதான் வரைவேன். அதை என் மூலையில் தெளிவாக எழுதியும் இருந்தேன். நிறுவனத் தாளின் மூலையில் ஆங்கிலேய வழக்கம் என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. என் மூலையைக் கழற்றிவிட்டு அந்த மூலையை ஒட்டியதும், பட்டறைக்காரருக்கு இடது வலதாகத் தெரிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்த கையைப் போல.

இதைக் கந்தப்பாவுக்கு மலாயில் விளக்கினேன். அவர் மூலைக் கட்டத்தையும் பிராக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப வெள்ளைக்காரர் பேரு போட்டா இடக்கால் வலக்காலாயிடும். நல்லவேளை, றெக்கையில பேரு போடல" என்றார்.

6

ஃபென்விக் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"தலைநகரில் விமானத் துறையில் இருக்கிறவர்கள் அனுமதி தர வேண்டும்" என்று அவரே தொடங்கினார். "என் உரிமம் அவர்களுக்குத் தெரியும். உங்களைத் தெரியாது. என் பெயர் இருந்தால் சீக்கிரம் நடக்கும் என்று செய்தேன். திருடவில்லை."

"திருடினீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் தாளைக் கொடுங்கள்."

"எதற்கு?"

"இடக்காலுக்கு இன்னொரு பிராக்கெட் செய்ய வேண்டும். என் தாளில், என் மூலையோடு போக வேண்டும். வந்திருப்பதை வலக்காலில் மாட்டுகிறேன். அதுவும் மாற்ற வேண்டியதுதான் என்று அப்போதே சொன்னேன்."

"மாட்டேன் என்றால்?"

"இடக்கால் மடங்கியபடியே விமானத்தை விற்றுக்கொள்ளுங்கள். நான் தொடமாட்டேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். "ஞானம், யோசித்துப் பாருங்கள். தரையில் மோதப் போகிறவன் நான். ஓட்டுகிறவன் பெயர் இருப்பதில் என்ன தவறு?"

"ஓட்டியவர் என்று ஓர் இடம் போட்டு அதில் எழுதுங்கள். நானே கோடு போட்டுத் தருகிறேன்."

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "நான் இருந்த விமானப்படையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒன்றை வடிவமைத்தவன் முதல் ஓட்டத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். பெயர் எழுதுகிறவன் ஏறுவான். ஏறுவீர்களா?"

பதினைந்து ஆண்டு விமானக் கால்களை வரைந்திருக்கிறேன். ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. இந்த ஊருக்குக் கப்பலில் வந்தவன், வழியெல்லாம் வாந்தி. அதை அவரிடம் சொல்லவில்லை.

"தாளைக் கொடுங்கள்" என்றேன்.

இரண்டாவது பிராக்கெட் என் மூலையோடு போய், இடக்காலாகவே வந்து சேர்ந்தது. தலைநகரிலிருந்து என்சே ஜைனால் என்ற அதிகாரி சோதிக்க வந்தார். இளையவர், புதிதாகப் பதவிக்கு வந்தவர், அதனால் எதையும் நம்பாதவர். விமானத்தை ஜாக்கிகள்மேல் தூக்கி நிறுத்தி, கால்களை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். கந்தப்பா வாளி நிறையச் செம்மண்ணைக் குழைத்து இரண்டு மூட்டிலும் அப்பினார். மறுபடி மடக்கினோம், நீட்டினோம். மண் கட்டி கட்டியாகக் கீழே விழுந்தது. ஒரு கட்டி என்சே ஜைனாலின் பளபளப்பான சப்பாத்தின்மேல் விழுந்தது. அவர் கைக்குட்டையை எடுக்காமல் மூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வரைபடத்தை வாங்கி மூலையில் விரல் வைத்தார். "இது உடைந்தால் நான் யாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்?"

ஃபென்விக் என் பக்கம் திரும்பினார்.

"என்னை" என்றேன்.

"உங்கள் உரிமம்?"

"இல்லை. அதைப் பெற என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன். அதுவரை ஃபென்விக் அவர்கள் 'சரிபார்த்தவர்' இடத்தில் கையெழுத்துப் போடுவார். வடிவமைத்தவன் நான்தான். கேள்வி எதுவானாலும் என்னிடம் வர வேண்டும்."

"மலாயில் பதில் சொல்வீர்களா?"

"தப்பும் தவறுமாகச் சொல்வேன். அளவுகளில் தப்பு இருக்காது."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். பறந்து காட்டிய பிறகு முத்திரை போடுவேன் என்றார்.

7

பறக்கும் நாள் காலையில் சரோஜாவிடம் சொன்னேன். இட்லித் தட்டை இறக்கியபடியே கேட்டாள்.

"நீங்க ஏறித்தான் ஆகணுமா?"

"பேர் எழுதிட்டேன்."

"பேர அழிச்சிட்டு வீட்டுல இருங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீங்க கேக்கப் போறதில்ல." தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். "காலி வயித்தோட ஏறாதீங்க."

வசந்தா சைக்கிளை வாசலுக்கு உருட்டிவந்து கொடுத்தாள். "அப்பா, பயமா இருந்தா கண்ண மூடிக்குங்க. யாரும் பாக்க மாட்டாங்க, லா." நான் அவளை முறைத்தேன். அவளும் முறைத்தாள்.

திடலில் பக்கத்து இருக்கையில் ஏறி வாரைக் கட்டிக்கொண்டேன். எஞ்சின்கள் முழங்கின. புல் பின்னால் ஓடி, திடீரென்று சக்கரச் சத்தம் நின்றது. ஃபென்விக் நெம்புகோலை மேலே தூக்கினார். எனக்குக் கீழே என் கால்கள் மடங்கி உள்ளே போய் உட்காருவதை இருக்கை வழியே உணர்ந்தேன். குடை மடக்கியது போல விமானம் முன்னால் பாய்ந்தது. கண்ணை மூடவில்லை. கீழே கடல் வந்தது, ஆறு வந்தது, சிவப்பு ஓட்டுக் கூரைகள் வந்தன. காஜா பேராங் எது என்று தேடினேன். எல்லாக் கூரைகளும் ஒன்று போலவே இருந்தன.

ஒரு சுற்றுச் சுற்றித் திடலுக்கு நேராகத் திரும்பியதும் ஃபென்விக் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உங்கள் கால்கள். நீங்களே இறக்குங்கள்."

அழுத்தினேன். வலப்பக்கம் ஓர் இடி. விளக்கு பச்சையானது. இடப்பக்கம் எதுவும் கேட்கவில்லை. ஃபென்விக் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. திடலின் எல்லை மரங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அப்போதுதான் இடப்பக்கமும் இடித்தது. இரண்டாவது விளக்கும் எரிந்தது.

சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஒருமுறை குதித்து, அடங்கி, ஓடி, நின்றன. விமானம் நேராக நின்றது. கந்தப்பா ஓடிவந்து அடியில் நுழைந்தார். என்சே ஜைனால் கொட்டகை நிழலில் முத்திரைப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

ஃபென்விக் எஞ்சின்களை அணைத்துவிட்டுக் கையை நீட்டினார். குலுக்கினேன்.

"முடிந்தது, ஞானம். இறங்கலாம். அவர் முத்திரை போட்டுவிடுவார்."

கந்தப்பா கீழிருந்து தலையை நீட்டினார். "ரெண்டும் பூட்டியிருக்கு, என்சே. இடக்கால் கொஞ்சம் சோம்பேறி. எண்ணெய்க் குழாய்ல காத்து இருக்கு, எடுத்துடறேன்."

நான் வாரை அவிழ்க்கவில்லை. இந்த விமானத்தில் இப்போது நாங்கள் இரண்டு பேரைத் தவிர ஒன்றுமில்லை. கிழக்குக் கரைக்குப் போகும்போது ஐந்து பயணிகளும் தபாலும் இருக்கும். மழையில் இறங்க வேண்டியிருக்கும்.

"காத்த எடுத்ததும் மணல் மூட்டைகளை ஏத்தச் சொல்லுங்க, கந்தப்பா" என்றேன். "முழுச் சுமை."

"அதிகாரி அதைக் கேட்கவில்லையே" என்றார் ஃபென்விக்.

"நான் கேட்கிறேன். வெற்று விமானத்தை யார் செய்த காலும் தாங்கும்."

ஃபென்விக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். என்சே ஜைனால் முத்திரையைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து வெயிலில் போட்டு உட்கார்ந்தார். கந்தப்பா மூட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி மலாயில் குரல் கொடுத்தார். நான் இருக்கையிலேயே இருந்தேன்.